மாஸ்டர் வாயில் இருந்த குண்டூசிகள்

"காசநோய்னு சொல்லிடு தங்கச்சி. அது போதும்," என்றார் சவரிராஜ் மாஸ்டர்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒதுக்கியிருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, நாற்காலிகள், கடகடவென்று ஆடும் ஒரு காற்றாடி. அந்தச் சத்தத்தையும் மீறி யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று அவர் கதவைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"யாருகிட்ட சொல்லணும்?"

"பரமுகிட்ட. என்கூட கடையில இருக்கானே, பரமசிவம். உனக்குத் தெரியுமே."

தெரியும். டன்லப் ஸ்திரீட்டில் இருந்த அவர்களுடைய தையல் கடைக்குப் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்கப் போன காலத்திலிருந்தே தெரியும். மாஸ்டர் வெட்டுவார், பரமசிவம் தைப்பார். கடைக்கு மேலே ஓர் அறையில் குடித்தனம். அளவு சரிபார்க்க என்னை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினால் மாஸ்டர் உதடுகளுக்கு நடுவே குண்டூசிகளை வரிசையாகக் கவ்விக்கொண்டு துணியை மடித்துப் பிடிப்பார். பரமண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி அந்த வாயிலிருந்து ஒவ்வோர் ஊசியாக உருவிக் குத்துவார். எந்த ஊசி எங்கே இருக்கிறது என்று அந்த விரல்களுக்குத் தெரியும். சின்ன வயதில் எல்லாத் தையல்காரர்களும் இப்படித்தான் போல என்று நினைத்திருந்தேன்.

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். பட்டமளிப்பு நாளில் நான் போட்டிருந்த ரவிக்கையைத் தைத்தவர் இப்போது என் முன்னால் நோயாளியாக உட்கார்ந்திருந்தார், தலை குனிந்து.

இடுப்பைச் சுற்றி அக்கி வந்திருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று காவியைக் குழைத்துப் பூசிக்கொண்டு பார்த்திருக்கிறார். ஆறவில்லை. கிளினிக்கிலிருந்து இங்கே அனுப்பினார்கள், இங்கே ரத்தத்தைச் சோதித்தார்கள். எய்ட்ஸ் கிருமி இருந்தது.

அது 1988. டாக்டரிடம் மருந்தென்று அதிகம் இல்லை. மற்றவர்களிடம் பயம் மட்டும் நிறைய இருந்தது. எங்கள் வார்டில் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போகிற ஓர் ஆள் இருந்தான். அவனோடு நான் இரண்டு தடவை சண்டை போட்டிருந்தேன்.

"தீபாவளி ஆர்டர் முடிஞ்சதும் ஊருக்குப் போயிடறேன். நாகப்பட்டினத்துல எங்க அக்கா இருக்கு. டிக்கெட் போட்டாச்சு. கடை பரமுவுக்கு. அவன் வந்து கேட்டா காசநோய், காத்து மாத்தணும்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லிடு. படிச்ச பிள்ளை சொன்னா நம்புவான்."

"நீங்களே சொல்லுங்க."

"அவன் மூஞ்சியப் பார்த்து எனக்குப் பொய் வராது."

"எனக்கு மட்டும் வருமா?"

"நீ ஆபீஸ்காரி. பழகியிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன்: "அவரு உங்களுக்கு யாரு மாஸ்டர்?"

"கூட்டாளி."

"நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். கடைக்கு மட்டும் கூட்டாளியா, இல்ல உங்க வீட்டுக்காரரா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சின்ன வயசுல கோயில்ல நீ முதல் நன்மை வாங்கினப்ப வெள்ளைக் கவுன் தைச்சோமே, அதுக்கு முன்னாலேருந்து," என்றார்.

"அப்ப அவரும் டெஸ்ட் எடுக்கணும்."

"வேணாம். அவனுக்கு ஒண்ணும் ஒட்டாது, நான் விடல." நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரிஞ்ச நாள்லேருந்து என் எச்சில் ஒரு சொட்டு அவன்மேல பட்டதில்ல. தட்டு தனி, டம்ளர் தனி. தண்ணி அண்ணாந்துதான் குடிக்கிறேன். குண்டூசியக்கூட வாயில வைக்கிறதில்ல."

"இது எச்சில்ல ஒட்டாது மாஸ்டர்."

குழந்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எச்சில்ல ஒட்டாத வியாதி எது?" அடுத்த கேள்வியை நான் கேட்பதற்குள் எழுந்துவிட்டார். "கடையில ஆள் நிக்கும் தங்கச்சி."

அந்த அடுத்த கேள்விதான் முக்கியமானது. அதை இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துத்தான் கேட்க முடியும்.

நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் பேசி ஆலோசனை சொல்வது எங்கள் பிரிவின் வேலை; அதற்குப் பெரியவர் கதீஜா மேடம். சத்தம் போடாமல் வேலை வாங்குகிறவர். எங்களிடம் குடும்ப அறை என்று ஒன்று இருந்தது. கணவன் மனைவியை, பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பேச சோபாவெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். அந்த அறை வேண்டும் என்று கேட்டேன்.

"யாருக்கு?"

"ஒரு பேஷண்ட். அவரோட ஆளு."

"ஆளுன்னா?"

"ஆம்பளை. ரெண்டு பேரும் ஆம்பளை."

கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உர்சுலா, அந்த ரூம் தம்பதிங்களுக்கு."

"அவங்களும் தம்பதிங்கதான் மேடம். நான் பார்த்த முக்கால்வாசி தம்பதிங்களைவிட ஒத்துமையா இருக்காங்க."

"உனக்குக் கோபம் வந்தா நாக்கு நீளும். கேளு முதல்ல. சட்டத்துல அது குத்தம். நாம காகிதத்துல ஒரு வார்த்தை ஏத்தினா அது நாளைக்கு யார் கையில போய் நிக்கும்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது."

"அப்ப காகிதத்துல ஏத்த வேணாம்."

"இன்னொண்ணு. ரகசியம் பேஷண்டோடது. அந்தாளு வாயால சொல்லணும். நீ போய் அவர் கூட்டாளிகிட்ட வாயத் தொறந்தேன்னு கேள்விப்பட்டேன், அன்னிக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அவர் சொல்லிட்டாருன்னா?"

கதீஜா மேடம் மேசைமேல் இருந்த சாவிக்கொத்தைத் தட்டினார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ரவிக்கைத் துணி ஒன்றை வாங்கிக்கொண்டு டன்லப் ஸ்திரீட்டுக்குப் போனேன். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். சிராங்கூன் ரோட்டில் நடக்க இடமில்லை. கடைக்குள் வெட்டிய துணிகள் தொங்கின, வெட்டாத துணிகள் மூட்டையாகக் கிடந்தன. மாஸ்டர் என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். "ரவிக்கை தைக்க வந்தேன்," என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அளவெடுக்கும்போது குண்டூசிகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. மாஸ்டர் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பார். பரமண்ணன் மேசையிலிருந்து எடுப்பார். அவருடைய கை பழக்கத்தில் ஒருமுறை மாஸ்டரின் வாய்ப்பக்கம் போனது. மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"பார்த்துக்க தங்கச்சி," என்றார் பரமண்ணன். "மாஸ்டர் இப்பல்லாம் பெரிய ஆளு லா. நாம தொட்டா குளிக்கணும்."

"சும்மா இரு பரமு."

"சும்மாதானே இருக்கேன். பேசினாலும் தீட்டு, பேசாட்டியும் தீட்டு."

நான் வெளியேறியபோது பரமண்ணன் பின்னாலேயே வந்துவிட்டார். கடைவாசல் அஞ்சடி நடைபாதைத் தூண் ஓரம் நின்று வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.

"நீ மாதா கோயில்ல அவனைப் பார்க்கிறவ. சாமியாரு யாராச்சும் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"என்னத்தை?"

"தட்டு தனியாம், டம்ளர் தனியாம். நான் தொட்ட தண்ணிய அண்ணாந்து குடிக்கிறான். பாத்ரூம்ல டெட்டால் பாட்டில். நான் முனிசிபல் கூலி லைன்ல பொறந்தவன் தங்கச்சி. எங்கப்பா சாக்கடைக் காண் கழுவினவரு. இந்த ரோட்டு வீடுங்கள்ல எங்கம்மா தண்ணி கேட்டா மேலேருந்து ஊத்துவாங்க. அது ரெண்டு கையையும் குவிச்சு வாங்கிக் குடிக்கும். எல்லாம் சவரிக்குத் தெரியும். சொல்லி அழுதிருக்கேன். அப்பல்லாம் என் தட்டுலேருந்து எடுத்துச் சாப்பிட்டவன், இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் என் சாதி தெரிஞ்சுதா அவனுக்கு?"

உண்மை வாய்வரைக்கும் வந்தது. கதீஜா மேடத்தின் சாவிக்கொத்து கண்முன் வந்தது.

"கேட்டுப் பாருங்கண்ணே."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? தீபாவளி முடியட்டும். பாசிர் ரிஸ்ல என் தங்கச்சிக்குப் புது பிளாக்குல வீடு கிடைச்சிருக்கு. போயிடறேன். தனி டம்ளர்ல குடிக்கணும்னா அங்க தனியா குடிச்சுக்கறேன்."

ஆக, இரண்டு பேரும் தீபாவளிக்குக் காத்திருந்தார்கள். ஒருவர் மற்றவரைக் காப்பாற்ற ஓடப்போகிறார். மற்றவர் மானத்தோடு ஓடப்போகிறார். பரமண்ணனுக்குள் கிருமி இருக்கிறதா இல்லையா என்று சோதிக்கவும் ஆள் இல்லாமல் போகப்போகிறது.

புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரியைத் திறந்தேன். ஓரத்தில் கவிழ்த்து வைத்த ஒரு பச்சைக் கண்ணாடி கிளாஸ். தைத்த துணியைக் கொண்டுவரும்போது பரமண்ணனுக்கு அம்மா அதில்தான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். மாஸ்டருக்கு எங்கள் கிளாஸ். இதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

"அந்த கிளாஸ எதுக்கு எடுக்கற?" என்றார் அம்மா, அல்போன்சம்மாள்.

"தண்ணி குடிக்க."

"வேற கிளாஸா இல்ல?"

"இதுக்கு என்னம்மா? கழுவித்தானே வச்சிருக்க?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினார். நான் வாய் வைத்து, சத்தம் கேட்க, முழுதும் குடித்தேன். அன்றிலிருந்து அது என் கிளாஸ்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் மாஸ்டரைக் கோயில் மதில் ஓரம் மடக்கினேன்.

"மாஸ்டர், நீங்க ஏன் தட்டைப் பிரிச்சீங்கன்னு பரமண்ணன் என்ன நினைக்கிறாரு தெரியுமா?"

"ஏதாச்சும் கோபமா இருப்பான்."

"உங்களுக்குச் சாதி வந்துடுச்சுன்னு நினைக்கிறாரு."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பக்கத்தில் நின்ற சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்கம்மா கையைக் குவிச்சுத் தண்ணி வாங்கினதை என்கிட்ட சொன்னாரு. உங்ககிட்டயும் சொன்னாராமே. நீங்க நாகப்பட்டினம் போயிடுவீங்க. அவரு சாகற வரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டு இருப்பாரு. காசநோய்னு நான் சொன்னாலும் நம்ப மாட்டாரு. காசநோய்க்காரன் என்னைக்கு டெட்டால் வாங்கினான்?"

"ஐயோ, அவன்கிட்டயா நான்… நானா?"

"நீங்கதான். நீங்க சொல்லாத வரைக்கும் அதுதான் காரணம்."

அவர் அழுதார். கோயிலிலிருந்து வெளியே வந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நான் நகரவில்லை.

"எங்க சொல்லணும்?" என்றார் கடைசியில். "வீட்டுல வேணாம். சொல்லிட்டு எனக்குப் பேச்சு வராது. நீ பக்கத்துல இருக்கணும்."

குடும்ப அறையின் சாவியைக் கதீஜா மேடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு நடைவழியில் ஒரு நாற்காலியைப் போட்டு ஏதோ ஃபைலைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வழியாக யாரும் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் என்று எனக்கு அப்புறம் புரிந்தது.

அறைச் சுவரில் ஒரு போஸ்டர். அப்பா, அம்மா, சிரிக்கிற மூன்று பிள்ளைகள். இரண்டு பிள்ளைகளே போதும் என்று சொன்ன பழைய போஸ்டரைக் கிழித்த அடையாளம் அதன் ஓரங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மாஸ்டரும் பரமண்ணனும் சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள்.

மாஸ்டர் சொன்னார். ஒரே மூச்சில், துணியைக் கிழிக்கிற மாதிரி. கிருமி, அக்கி, டிக்கெட், தட்டு.

பரமண்ணன் சோபாவில் திரும்பி மாஸ்டரை நேராகப் பார்த்தார். பிறகு, "அப்ப சாதி இல்ல?" என்று கேட்டார்.

"செருப்பால அடிப்பேன் உன்னை. சாதியாம்."

"சாதி இல்ல." தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முகம் ஒரு கணம் தெளிந்தது. பிறகுதான் மற்றது உள்ளே இறங்கியது. "யாருகிட்டேருந்து?"

"நீ உன் கடைசித் தங்கச்சி கல்யாணத்துக்கு ஜொகூர் போய் ஒரு மாசம் இருந்தியே. அப்ப. ஒரே ஒரு தரம்."

"ஒரே ஒரு தரம்."

"அந்தச் சண்டைய வீட்டுல வச்சுக்குங்க," என்றேன். "கட்டாயம் போடுங்க. இப்ப எனக்கு வேற வேலை இருக்கு."

மேசைமேல் இரண்டு கிளாஸ் தண்ணீர் வைத்திருந்தேன். மாஸ்டர் பாதி குடித்திருந்த கிளாஸைப் பரமண்ணன் எடுத்தார். விளிம்பில் வாய் வைத்து மீதியைக் குடித்துவிட்டு டக்கென்று வைத்தார். "எனக்கும் வரட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா போயிடறோம்."

மாஸ்டர் பதறிப்போய் எழுந்தார்.

"உக்காருங்க மாஸ்டர். அந்தத் தண்ணியில ஒண்ணும் வராது. ஒரே தட்டுல சாப்பிடுங்க, ஒரே டம்ளர்ல குடிங்க. வராது." நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். "தட்டைப் பிரிச்சீங்க. படுக்கையப் பிரிச்சீங்களா?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"கல்யாணம் ஆகாத பிள்ளை நீ," என்றார் மாஸ்டர். "இதெல்லாம் கேக்கறியே."

"இதைக் கேக்கத்தான் எனக்குச் சம்பளம். சொல்லுங்க."

"பிரிக்கல," என்றார் பரமண்ணன். "சண்டையெல்லாம் பகல்லதான்."

"அவன் வந்தா என்ன காரணம் சொல்லி வேணாங்கறது?" மாஸ்டர் குரல் தேய்ந்தது. "ஆனா சுத்தமாத்தான் இருந்தோம். அப்புறம் டெட்டால் போட்டுக் குளிச்சேன். அவனையும் குளிக்கச் சொன்னேன்."

"உறை போட்டீங்களா?"

இரண்டு பேரும் என்னைப் பைத்தியக்காரியைப்போல் பார்த்தார்கள். பரமண்ணன் போஸ்டரைக் கையால் காட்டினார். "அது அவங்களுக்கு லா. எங்களுக்கு என்ன, புள்ளையா பொறக்கப் போவுது?"

நான் சிரித்துவிட்டேன். அவர்களும் சிரித்தார்கள். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷமாகச் சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டினார்கள். பிள்ளைக் கணக்கைத் தவிர வேறு ஒன்றுக்கும் உறை ஆகும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தமிழில் அடித்து வந்த துண்டுப் பிரசுரம் என் மேசையிலேயே இருந்தது. அது ஒழுக்கமாக வாழச் சொன்னது. எப்படி ஒட்டும் என்று அதைப் படித்து எவனுக்கும் தெரியாது. சொல்லாமல் விட்ட இடத்தில் இவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே தீட்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள். எச்சிலுக்குக் காவல் போட்டார்கள். காவல் வேண்டிய இடத்தைத் திறந்து போட்டுவிட்டார்கள்.

நான் சொன்னேன். ரத்தத்தில் இருக்கிறது, விந்தில் இருக்கிறது என்று தமிழில், பச்சையாக, எதற்கும் வேறு பெயர் வைக்காமல் சொன்னேன். என் காது சுட்டது. நிறுத்தவில்லை. எது செய்யலாம், எது கூடாது, உறையை எப்படிப் போடுவது, எப்போது கழற்றுவது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பரமண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டார்.

"விரல்ல தகரத் தொப்பி மாட்டிக்கிட்டுத் தைக்கிறோமே, அந்த மாதிரி?"

"அதே மாதிரி. ஒவ்வொரு தடவையும். கோபமா இருந்தாலும், அழுதாலும், தீபாவளியானாலும்."

"ஏற்கெனவே வந்திருந்தா?"

"டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். இன்னிக்கு ஒரு தடவை. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை. அதுக்கு முன்னால நிச்சயமா சொல்ல முடியாது."

"வந்திருந்தா நல்லதுதான்னு இப்பக்கூடத் தோணுது தங்கச்சி. இவன் போனப்புறம் நான் இருந்து என்ன?"

மேசையை ஓங்கி அடித்தேன். நடைவழியில் கதீஜா மேடத்தின் நாற்காலி கிறீச்சிட்டது.

"மாஸ்டர் ஒருநாள் படுத்துட்டா யாரு கஞ்சி ஊத்தப் போறது? தட்டைக் காலால தள்ளறான் ஒருத்தன், அவனா? நாகப்பட்டினத்துல காரணமே தெரியாத அக்காவா? அவருக்குக் கூடச் சாகறதுக்கு ஆள் வேணாம். பக்கத்துல நல்லா நிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்கு உடம்பு நல்லா இருக்கணும். காதல் கத்திரிக்கா எல்லாம் அப்புறம்." மாஸ்டரைப் பார்த்தேன். "நீங்களும் கேட்டுக்குங்க. ஓடிப்போயிட்டா இவரைக் காப்பாத்தினதா ஆகாது. உறை போட்டா ஆகும். அவ்வளவுதான்."

மாஸ்டர் மெல்ல நகர்ந்து சோபாவின் நடுவுக்கு வந்தார். பரமண்ணன் நகரவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

"எங்க போய் ரத்தம் கொடுக்கணும்?" என்றார்.

உறை வாங்க இரண்டு பேரும் வெட்கப்பட்டார்கள். அவர்கள் கடை இருந்த தேக்கா வட்டாரத்தில் எங்கே போனாலும் அவர்களிடம் துணி தைத்தவன் நிற்பான். நானே குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக்குக்குப் போய்க் கேட்டேன். தாதி என் மோதிரமில்லாத விரலைப் பார்த்தாள். எனக்கு இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. நினைத்துக்கொள்ளட்டும். துணிப்பையில் போட்டுக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "ரவிக்கைத் துணியா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். "உள்துணி," என்றார் பரமண்ணன் முகம் மாறாமல்.

பரமண்ணனின் முதல் சோதனையில் கிருமி இல்லை. "இன்னும் மூணு மாசம்," என்று மட்டும் சொன்னேன். சந்தோஷப்பட விடவில்லை.

தீபாவளி வந்தது, போனது. மாஸ்டரின் நாகப்பட்டினம் டிக்கெட் அப்படியே இருந்தது. ஜொகூர் சண்டையும் நடந்தது என்று கேள்விப்பட்டேன். பரமண்ணன் நான்கு நாள் பாசிர் ரிஸ்ஸில் இருந்துவிட்டு, அங்கே சாப்பாட்டில் உப்பில்லை என்று திரும்பி வந்தார். வந்தவர் தனக்கும் ஒரு டிக்கெட் போட்டார்.

"அக்காகிட்ட என்னன்னு சொல்றது?" என்று மாஸ்டர் என் முன்னாலேயே அவரிடம் கேட்டார்.

"கூட்டாளின்னு சொல்லு. திரும்பி வரத்தானே போறோம். அப்படியே வேளாங்கண்ணியில மொட்டை போட்டுக்கலாம்."

"நீ எதுக்கு மொட்டை?"

"உங்க மாதா முருகனைக் கும்பிடறவன் தலைய வேணாங்குமா?"

இரண்டு மொட்டைத் தலைகளோடு வந்து இறங்கினார்கள். கோயில் பெண்கள் என்ன நேர்த்திக்கடன் என்று துருவினார்கள். நிறைய ஆர்டர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம் என்றார் பரமண்ணன். ஊரில் எல்லா நாளும் காவல் இருந்ததா என்று நான் கேட்டேன். "அக்கா வீட்டுல ஆளுக்கொரு கட்டில். மாதாவே காவல்," என்றார்.

மூன்று மாதம் கழிந்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று, முதலில் பரமண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் முறை என்று கதீஜா மேடம் நினைவூட்டினார். கூப்பிட்டேன். பரமண்ணன் கதவருகே நின்று, "அவனை விட்டுட்டு எனக்கு ஒண்ணும் கேக்க வேணாம்," என்றார். குடும்ப அறையையே திறந்தேன். இந்த முறை ஒரே முனையில் உட்கார்ந்தார்கள். முளைத்து வரும் தலைமயிரை இரண்டு பேரும் ஒரே மாதிரி தடவிக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை," என்றேன். "கிருமி இல்லை."

மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். பரமண்ணன் அவர் தோளில் ஒரு குத்து விட்டார்.

"இதோட முடியல," என்றேன். "இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கும் இருக்கக் கூடாது. இனிமே குறிச்ச நாள்ல வந்து ரத்தம் கொடுக்கணும். மாஸ்டருக்கு இருமல் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அன்னிக்கே வரணும். வார்டுல சேர்த்தா யாரு வேணும்னு கேப்பாங்க. பரமசிவம்னு சொல்லுங்க. உறவு என்னன்னு கேட்டா என்னைக் கூப்பிடுங்க. நான் பார்த்துக்கறேன்."

"சண்டை போடுவியா?"

"போடுவேன்."

அவர்கள் போன பிறகு கதீஜா மேடம் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. "நாளன்னைக்கும் உனக்குத் தேவைப்படும்," என்றார். "ரெண்டு பேர் வராங்க. ஒருத்தர் பேஷண்ட். இன்னொருத்தர் சொந்தக்காரர்னு சொல்றாரு. எனக்கு அப்படித் தெரியல."

என் ரவிக்கை அதுவரை தைக்கப்படாமலே கிடந்தது. அடுத்த சனிக்கிழமை மதியம் போய்ச் சத்தம் போட்டேன். "தீபாவளிக்குக் கொடுத்தது, பொங்கலும் போயிடுச்சு!"

"படிச்ச பிள்ளைக்குப் பொறுமை வேணும்," என்று என்னை ஸ்டூலில் ஏற்றினார் மாஸ்டர். பக்கத்து மேசையில் சாப்பிட்ட தட்டு ஒன்று இருந்தது, ஒன்றே ஒன்று, இரண்டு பக்கமும் மீன் முள் ஒதுக்கி வைத்தது. மாஸ்டர் துணியைத் தோளில் மடித்துப் பிடித்தார். பழைய பழக்கத்தில் குண்டூசிகளை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"மாஸ்டர்," என்றேன்.

எச்சில் பட்ட ஊசியால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இரண்டு பேர் விரலிலும் ஏறி இறங்குகிற ஊசியில் ரத்தம் பட்டால்? தட்டை ஒன்றாக்கச் சொன்ன நான்தான் ஊசிக்குத் தனிச் சட்டம் போட்டிருந்தேன்: வாயில் கூடாது, எடுத்துக் குத்துவதும் ஒருவர் மட்டும். மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே கையை இறக்கினார்.

பரமண்ணன் சிவப்பு வெல்வெட் துண்டில் பஞ்சடைத்துத் தைத்து ஊசிகள் செருகிய சின்ன மெத்தையை நாடாவால் தன் இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். கையை மாஸ்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார். இப்போது மாஸ்டர்தான் திரும்பிப் பார்க்காமல் அதிலிருந்து ஒவ்வோர் ஊசியாக உருவினார். இரண்டாவது ஊசியில் தடுமாறித் துழாவினார்.

"சட்டுன்னு எடு லா. கை கடுக்குது."

"கொஞ்சம் கிட்ட வா."

பரமண்ணன் கிட்ட வந்து நின்றார்.